ஊசியை ஓரங்கட்டிய பாகுநிலை

மே மாத நண்பகலில் சென்னை தி. நகர் பாண்டி பஜார் பக்கம் செருப்பு ஒட்டினால் தாருக்குத்தான் திட்டு விழும். அந்தத் தார் எவ்வளவு இளகும் என்பதை வெகுகாலம் ஊசியை வைத்தே அளந்தார்கள்: 25 டிகிரியில், 100 கிராம் எடையோடு, 5 விநாடியில் எவ்வளவு இறங்குகிறது? 60/70, 80/100 என்ற பெயர்களெல்லாம் அந்தக் கணக்குதான்.

25 டிகிரியாம்! தி. நகருக்கும் அந்தச் சோதனைக்கும் என்ன சம்பந்தம்?

2006-ல் தாருக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 73 திருத்தப்பட்டது. வெயிலில் காயும் சாலைச் சூட்டுக்கு நெருக்கமான 60 டிகிரியில் தாரின் பாகுநிலையை வைத்து வி.ஜி-10, வி.ஜி-30 என்று தரம் பிரித்தார்கள். அந்தச் சோதனை நடப்பது நுண்குழாயில். ஜல்லியோடு கலக்கும் சூட்டுக்கு நெருக்கமான 135 டிகிரியில் அளக்கச் சுழல் கருவி. உருளைக் கிண்ணத்தில் சூடான தார். அதற்குள் உலோகத் தண்டு நிமிடத்துக்கு 20 சுற்று. தார் எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு முறுக்குவிசை.

உருளைக்குள் உருளை வைத்து இதே தத்துவத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் மொரிஸ் குவெட் பாரிஸில் அளந்தது 1890 வாக்கில்.

அடையாறை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் இப்படிப் பாய்வதை அளக்கும் துறை தனி ஆய்வாகவே வளர்ந்தது. சிவில், கெமிக்கல், இயற்பியல் பேராசிரியர்கள் மூவர் சேர்ந்து தொகுத்த சிக்கலான பாய்மங்கள் பற்றிய நூல் 2010-ல் வெளியானது.