துவக்குக் கடையும் கச்சேரியும்

யாழ்ப்பாணத்தின் வணிக வரலாற்றைப் பேசும்போது நாம் புகையிலையையும் சுருட்டையும் புடைவைக் கடைகளையும் நினைவுகூருகின்றோம். துவக்கும் தோட்டாவும் விற்கும் தொழிலை எவரும் நினைப்பதில்லை. ஏனைய தொழில்கள் பெரும்பாலும் சந்தையின் ஏற்ற இறக்கத்தால் வளர்ந்தன, தேய்ந்தன. துவக்கு வியாபாரமோ அரசின் அனுமதியால் பிறந்து, அவ்வனுமதி பொருளிழந்தபோது மறைந்தது. ஆகவே அதன் வீழ்ச்சியைக் கணக்கேட்டில் மட்டும் தேடுதல் பயன்தராது. கச்சேரியிலும் தேடுதல் வேண்டும்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கின்றோம்; சிங்களத்தில் அது துவக்குவ. மூன்றும் துருக்கியின் துஃபெக், பாரசீகத்தின் துஃபங் என்பவற்றோடு உறவுடையவை. தொடங்குதலைக் குறிக்கும் நம் வினைச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலியொப்புமையை நம்பி உறவு காட்டுதல் வேண்டா. சொல் வெளியிலிருந்து வந்தது. ஆனால் தொழில் விரைவிலேயே உள்ளூரில் வேரூன்றியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இத்தீவில் இறங்கிய பின், இலங்கைக் கொல்லர் சில தலைமுறைகளுக்குள் துவக்குச் செய்வதில் வல்லவராயினர். அவர்தம் வேலைத்திறனைப் போர்த்துக்கேய ஆசிரியர்களே வியந்தனர். சுடும் பொறியைக் குழலின் இடப்புறத்தே அமைத்தமை அவர்களது தனித்துவம்; ஐரோப்பியர் அதனைப் பெரும்பாலும் வலப்புறத்தே வைத்தனர். அன்று கடை இல்லை. கொல்லன் அரசனுக்கு ஊழியஞ் செய்தான். அவ்வூழியத்தின் பேரில் நிலத்தை அனுபவித்தான். துவக்கு இன்னும் பண்டமாகவில்லை.

அதனைப் பண்டமாக்கியது காலனித்துவம். ஆயின் அதே காலனித்துவம் அப்பண்டத்தை அஞ்சியது. 1815இற் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியர், 1817-1818 ஊவாக் கிளர்ச்சியை அடக்கியபின் மக்களிடமிருந்த துவக்குகளைப் பறித்தனர். 1915இற் கலவரமும் இராணுவச் சட்டமும் வந்தன. மறு ஆண்டே, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையிலுள்ள சட்டம் அதுவே. வைத்திருத்தல், செய்தல், விற்றல் யாவும் அனுமதிக்குட்பட்டன. அரசாங்க அதிபர் கையொப்பமிட்ட பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கொல்லனின் உலை குற்றமான இடத்தில் வியாபாரியின் கண்ணாடி அலுமாரி நின்றது. ஒன்றின் மூடுவிழா மற்றதன் திறப்புவிழா.

அக்கடை எதனை விற்றது? இரட்டைக் குழலையும் தோட்டாவையும் விற்றது. அவற்றோடு தகுதியையும் விற்றது. பத்திரம் கேட்பவன் காரணங் காட்ட வேண்டும். பயிரைக் காத்தல் காரணமாயின் பயிருடையவனாக இருத்தல் வேண்டும். சொத்தைக் காத்தல் காரணமாயின் சொத்து வேண்டும். நிலமற்ற கூலிக்கு இரண்டுமில்லை. விண்ணப்பம் விதானையைத் தாண்டி மேலே செல்ல வேண்டியிருந்த ஊர்களில், விதானை எச்சாதியினன், எவர் பக்கத்தான் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத பிரிவு. எனினும் முழுவதையும் ஆடம்பரமென ஒதுக்கிவிட முடியாது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இரணைமடுக் குளத்தை நம்பி வயல் திருத்தியவனுக்குப் பன்றியும் யானையும் உண்மையான பகைகள். அவனுக்குத் துவக்கு மண்வெட்டியைப் போலொரு கருவி.

அனுமதி பெற்ற கடையை ஆட்சியாளர் ஏன் இவ்வளவு அஞ்சினர் என்பதை விளங்க, அதே ஏகாதிபத்தியத்தின் பெருந்துறைமுகமாகிய கல்கத்தாவை நோக்கலாம். அங்கு றொடா கம்பனி புகழ்பெற்ற துவக்கு வணிக நிலையம். 1914 ஓகஸ்ட் 26ஆம் நாள், உலகப் போர் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருக்க, கம்பனியின் எழுதுவினைஞர் சிறீஷ் சந்திர மித்திரர் சுங்கத்திலிருந்து 202 பெட்டிகளை மீட்டார். 192 பெட்டிகள் களஞ்சியத்தை அடைந்தன. எஞ்சிய 10 பெட்டிகளும் அவரும் திரும்பவில்லை. அப்பெட்டிகளில் 50 மௌசர் கைத்துவக்குகளும் 46,000 ரவைகளும் இருந்தன. அவற்றுள் 44 துவக்குகள் உடனடியாகவே வங்கத்தின் ஒன்பது புரட்சிக் குழுக்களிடம் சென்றதாகவும், பின்னர் 54 சம்பவங்களிற் பயன்பட்டதாகவும் 1918இன் றௌலற் குழு அறிக்கை கூறும். சட்டம் வேலியிட்டது வாடிக்கையாளனைச் சுற்றி. வேலியைத் திறந்தவனோ கடைக்குள்ளேயே சம்பளம் பெற்றவன். வர்க்கம் கல்லாப் பெட்டியின் இரு பக்கத்திலும் நிற்கும் என்பதை ஆட்சியாளர் அன்று கற்றிருப்பர்.

இனி நம்மிடத்துக்கு மீள்வோம். 1937இன் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையைச் சுருக்கியது. 1960களிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வெளிநாட்டுச் சரக்கை அரிதாக்கின. 1971 ஏப்பிரலிற் தெற்கின் இளைஞர் கிளர்ந்தெழுந்து கிராமத்து வீடுகளின் வேட்டைத் துவக்குகளைக் கைப்பற்றியபோது, பத்திரமுள்ள துவக்கும் அரசுக்குப் பகையாகத் தோன்றலாயிற்று. வடக்கில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும், 1981இல் யாழ் நகரக் கடைகளை எரித்த தீயும், 1983உம் தொடர்ந்தன. இயக்கங்கள் பொதுமக்களின் வேட்டைத் துவக்குகளைச் சேகரித்தன. வாங்குவோனுக்குப் பத்திரமில்லை, விற்போனுக்குச் சரக்கில்லை. துவக்கு வியாபாரத்தின் கதை யாழ்ப்பாணத்தில் இவ்வாறே முடிந்தது.

இங்கு நம் முற்போக்கு நண்பர் சிலரோடு நாம் முரண்படுகின்றோம். அக்காலத்திற் குடாநாட்டில் ஆயுதம் பெருகியதை மக்கள் ஆயுதபாணிகளாகியதாகக் கருதுதல் மயக்கம். கமக்காரனின் ஒற்றைக் குழல் அவன் வீட்டிலிருந்து போயிற்று. கடலால் வந்த தானியங்கித் துவக்கு அவன் கைக்கு வரவில்லை. 1987 ஓகஸ்டிற் பலாலியில் ஆயுதங்கள் கையளிக்கப்பட்டபோதும் அவை அவனைக் கேட்டுக் கையளிக்கப்படவில்லை. மீண்டும் போர் மூண்டபோதும் அவனை எவரும் கேட்கவில்லை. 1996இன் திருத்தச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

2009இற் போர் முடிந்து வன்னிக்குத் திரும்பியவர் கண்டது பற்றை மண்டிய வயல். பன்றிகளும் அங்கிருந்தன. கடை மறைந்தபின்னும் உலை அணையவில்லை. இரும்புக் குழாயும் இழுகம்பியுங் கொண்டு மறைவிற் செய்யப்படும் கட்டுத்துவக்கு இன்றும் காட்டோரங்களிற் கட்டப்படுகின்றது. அதனைக் கட்டியவன் விடியுமுன் சென்று பார்க்கின்றான், சில வேளை பன்றியை, சில வேளை யானையை, சில வேளை விறகுக்குச் சென்ற அயலவனை.