மா முதல் மான் வரை

திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டினால் கோணேசர் கோயில் வரைக்கும் ஏற்றம்தான். அந்தத் தெருவோரத்து மர நிழலில் புள்ளிமான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அருச்சனைத் தட்டோடு போகிறவரைக் கண்டால் ஒரு பிணை எழும்பி வந்து, கழுத்தை நீட்டி, தட்டில் இருக்கும் வாழைப்பழத்தை மணந்து பார்க்கும். யப்பானின் பழைய தலைநகரான நாராவில் கோயிலும் மானும் ஒன்றாக இருப்பதைப் பார்க்க உலகமே போகிறது. அதே காட்சி நமக்கு ஓர் இரவு ரயில் பயணத்தில் கிடைக்கிறது.

இன்று நாம் இவற்றுக்கு மட்டும் வைத்திருக்கும் ‘மான்’ என்ற பெயர் ஒரு காலத்தில் இவ்வளவு ஒடுங்கியதாக இருக்கவில்லை. ‘மா’ என்றால் விலங்கு. அரிமா சிங்கம், கைம்மா யானை, கலிமா குதிரை. ‘ஆ’ என்பது ‘ஆன்’ ஆவதுபோல ‘மா’ என்பது ‘மான்’ ஆகும். சங்கப் புலவர்கள் ‘கடுமான்’ என்று சொன்னது விரைந்தோடும் குதிரையைத்தான். சேரமான், அதியமான் என்ற பெயர்களில் வரும் மான் வேறு. அது ‘மகன்’ என்பதன் திரிபு.

விலங்குக்கெல்லாம் பொதுவாக இருந்த பெயர் இந்த ஒன்றுக்கே நின்றுவிட்டது ஏன்? வேட்டைக்குப் போனவன் அடிக்கடி கண்டதும் வீட்டுக்குக் கொண்டு வந்ததும் இதைத்தான் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் ‘டியர்’ என்ற சொல்லும் முன்பு எந்த விலங்கையும் குறித்ததுதான். வடமொழி ‘மிருக’ விலங்கையும் குறிக்கும், மானையும் குறிக்கும். தமிழ் அதில் விலங்கை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் மானின் தலை அப்படியே இருக்கிறது. பாளியில் அது ‘மிக’, சிங்களத்தில் ‘முவா’. புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த இடம் இசிபதன மிகதாய, அதாவது மான்கள் உலவிய சோலை. வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் இசிபதன மாவத்தையால் நாளும் போய்வருகிறோம்; அந்தப் பெயரின் மற்றப் பாதி மான்தான்.

மானுக்குள்ளேயும் எத்தனை பெயர்கள்! ஆண் கலை, பெண் பிணை, குட்டி மறி. வீதியுலா வரும் சந்திரசேகரர் கையில் துள்ளுவது மறி. வன்னியில் பெரிய மானை இன்றும் மரை என்பார்கள். தமிழ்நாட்டில் அது கடமான். கொலன்னாவையில் வளரும் பிள்ளைக்கு மரை என்றால் ஆணியின் மரை மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சருகுமான் மான் இனமே அல்ல. ஆடு என்று பெயர் வாங்கிய கேளையாடோ மான்.

பெயர்களை விட்டு மீண்டும் அந்த இரண்டு இடங்களுக்கும் வருவோம். நாரா 710இல் தலைநகரானது. அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் கோணமலையைப் பாடிவிட்டார். 768இல் எழுந்த கசுகா ஆலயத்தின் தெய்வம் வெள்ளை மானில் ஏறி வந்தது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனால் அந்த மான்கள் தெய்வத்தின் தூதர்கள். 1957இல் அவற்றை இயற்கைச் சின்னமாகவே அரசு அறிவித்தது. நமது கோயிலின் கதை வேறு. 1622இல் போர்த்துக்கேயர் அதை இடித்தார்கள். இடித்த கல்லைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிரட்றிக் என்பது பிறகு ஆங்கிலேயர் வைத்த பெயர். 1950இல் கிணறு தோண்டும்போது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மான்கள் மேய்வது அந்தக் கோட்டைக்குள்தான்.

நாராவில் மானுக்கென்றே அரிசித் தவிட்டிலும் கோதுமை மாவிலும் செய்த, சீனி சேர்க்காத பிஸ்கட் விற்கிறார்கள். அப்படியிருந்தும் 2019இல் அங்கே இறந்த மான்கள் பலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் பைகள் சுருண்டு கிடந்தன. உணவு மணக்கும் பையையும் மான் உணவென்றே தின்னும். கோணேசரைக் கும்பிடப் போகிறவர்களே, பழத்தோலைப் பொலித்தீன் பையில் கட்டித் தெருவோரம் வீசாதீர்கள். பையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.