நாடாப்புழுவும் வலிப்பு நோயும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பன்றி நாடாப்புழு யாரைப் பற்றும் என்ற வினாவுக்குப் பன்றியிறைச்சி உண்போரை என்னும் விடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. அது பாதி உண்மையே. இறைச்சியிலுள்ள இளம்புழு மனிதக் குடலில் நாடாப்புழுவாக வளர்வதை 1855இல் ஜெர்மானிய மருத்துவர் கூகென்மைஸ்டர் நிறுவினார். மரண தண்டனைக் கைதி ஒருவரின் உணவில் இளம்புழுக்களைக் கலந்து கொடுத்து, தண்டனைக்குப் பின் குடலைச் சோதித்தார். (அச்சோதனையின் அறம் தனியே ஆராயத்தக்கது.)

ஆனால், அப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, கழுவாத கை, நீர், கீரை வழியாக ஒருவர் வயிற்றை அடைந்தால் நேர்வது வேறு. இளம்புழுக்கள் குருதியோடு மூளைக்குச் சென்று நீர்க்கட்டிகளாகத் தங்குகின்றன. ஆண்டுகள் சில கழிந்தபின் வலிப்பு தோன்றுகிறது. இதற்கு இறைச்சி உண்டிருக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகரில் பன்றியிறைச்சியைத் தீண்டாத வைதிக யூதர் சிலரிடம் இந்நோய் கண்டறியப்பட்டதாக 1992இல் வெளிவந்த ஆய்வறிக்கை இதற்குத் தக்க சான்று.

இந்நோயின் பரவலை முதலில் விரிவாகக் காட்டியவை பிரித்தானியப் படைப் பதிவுகளாகும். காரணம் அறியாத வலிப்பு எனக் குறிக்கப்பட்ட வீரர் பலரின் நோய்க்கு இக்கட்டிகளே காரணம் என்பதை 1930களில் படை மருத்துவர் மெக்கார்தர் எடுத்துக்காட்டினார். 1961இல் டிக்சனும் லிப்ஸ்கோமும் 450 நோயாளரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இந்தியாவில் பணியாற்றியவர்கள். அதே மண்ணில் வாழ்ந்து, அதே நீரை அருந்திய மக்கள் கணக்குக்கு வர மேலும் நெடுநாளாயிற்று.

1980களில் இந்திய நோயாளரின் சி.டி. படங்களில் தென்பட்ட சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டிகள் எனக் கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதே வழக்கமாக இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் குழுவினர் அத்தகைய கட்டிகளை அறுத்தெடுத்து ஆராய்ந்தனர். அவற்றுட் பல நாடாப்புழுவின் இளநிலையே என்று 1989இல் அறிவித்தனர். பின்னர் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 பேரிடையே நடத்திய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. ஆயிரவருள் ஏறத்தாழ நால்வருக்கு வலிப்பு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இப்புழுவே காரணம்.

இவ்விகிதம் மருத்துவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. வலிப்பைக் குடிவழிக் களங்கமாகக் கருதிய சமூகத்தில், அதனால் பெரிதும் துன்புற்றோர் மணப்பருவத்துப் பெண்களே எனலாம். இந்திய இந்துத் திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பை மணத்தடைகளுள் ஒன்றாக்கிற்று. வேலூர்க் குழுவினரின் அறிவிப்பு வெளிவந்து பத்தாண்டுகள் கழித்து, 1999இல்தான் அச்சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.