திருவண்ணாமலையில் ஃபுளூவும் அக்கியும்: வைரஸ் எதிர்ப்பு மருந்துகள், தடுப்பூசிகள்

பஞ்சபூதத் தலங்களுள் அக்னித் தலமாகப் போற்றப்படுவதும், 1989-ஆம் ஆண்டு முதல் தன் பெயரால் அமைந்த மாவட்டத்துக்குத் தலைநகராக விளங்குவதுமான திருவண்ணாமலையில், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும், கார்த்திகைத் தீபத்தன்று மாடவீதிகளிலும் லட்சக்கணக்கான ஜனங்கள் தோளோடு தோள் உரசி நடக்கிறார்களாதலால், வைரஸ் நோய்களைப் பற்றிய தெளிவு இவ்வூருக்குப் பிற ஊர்களைக் காட்டிலும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அவற்றுள் இரண்டு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இன்ஃப்ளுயென்ஸா ஆண்டுதோறும் வேஷம் மாற்றிக்கொண்டு வெளியிலிருந்து வருவது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸோ ஒருமுறை சரீரத்தில் புகுந்துவிட்டால் ஆயுள் முழுவதும் அங்கேயே தங்கிவிடுவது. சுபாவத்தால் இவ்வளவு வேறுபட்ட இவ்விரண்டுக்கும் நல்ல மருந்துகள் இன்று உண்டு. ஆயினும் நோய் தோன்றிய முதல் இரண்டு மூன்று தினங்களுக்குள் கொடுத்தால்தான் அவற்றின் முழுப் பிரயோஜனமும் கிட்டும்.

இன்ஃப்ளுயென்ஸா தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1918-இல் பம்பாய் வழியாக நுழைந்த கொள்ளைநோய் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதைவிட நமக்கு அணுக்கமானது 1957-ஆம் ஆண்டின் ஆசிய ஃபுளூ. சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல் ஒன்றின் வாயிலாக அவ்வாண்டு மே மாதம் நாட்டில் புகுந்த அந்த வைரஸை, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் பேர்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1950-இல் நிறுவப்பட்டிருந்த இன்ஃப்ளுயென்ஸா ஆய்வுமையம் கோழிமுட்டைக் கருவில் வளர்த்து ஆராய்ந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் தேசமெங்கும் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 1,098 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. கஞ்சியும் ஓய்வும் சுரம் தணிக்கும் மாத்திரையும் தவிர, வைரஸையே தாக்கும் மருந்தென்று அன்றைய வைத்தியரின் கையில் ஒன்றும் இருக்கவில்லை என்பதை இன்றைய தலைமுறை நினைவில் வைப்பது நல்லது.

1960-களில் வந்த அமான்டடின் என்னும் முதல் மருந்தை வைரஸ் நாளடைவில் வென்றுவிட்டது. இப்போது அது ஃபுளூவுக்குப் பயன்படுவதில்லை. 1999-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஓசெல்டமிவிர்தான் இன்று நம் மருத்துவமனைகளில் வழங்கப்படுவது. தாக்கப்பட்ட உயிரணுவுக்குள் பல்கிப் பெருகிய வைரஸ்கள் வெளியேறி அடுத்த அணுவைப் பற்றுவதற்கு, நியூராமினிடேஸ் என்னும் நொதி அவற்றின் கட்டை அறுத்துவிட வேண்டும். மருந்து அந்நொதியை முடக்குவதால் வைரஸ்கள் பிறந்த இடத்திலேயே சிறைப்பட்டுவிடுகின்றன. வெளியேறிப் பரவியபின் சிறைக் கதவை அடைத்து என்ன பயன்? ஆகையால்தான் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது முக்கியம் என்கிறார்கள். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் வீதம் காலையும் மாலையும் 5 நாள் என்பது வழக்கமான அளவு. இம்மருந்துக்கு மூலப்பொருளான ஷிகிமிக் அமிலம், நம் அடுக்களையில் பிரியாணிக்கு மணம் சேர்க்கும் அன்னாசிப்பூவிலிருந்து எடுக்கப்படுவது; எனினும் அன்னாசிப்பூவை மென்று தின்றால் ஃபுளூ தீராது.

2009-இல் பன்றிக் காய்ச்சல் என்னும் இன்ஃப்ளுயென்ஸா பரவியபோது மத்திய அரசு நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது. லேசான சுரமும் இருமலும் உடையோர் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு, ஆஸ்துமா முதலிய உபாதை உள்ளோர் ஆகியோருக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து கொடுக்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இந்தப் பகுப்பு இன்றும் பொருந்துவது. அன்னதான வரிசையில் நிற்கும் முதியவரும் கிரிவலப் பாதையோரம் வாழும் முதிய சாதுக்களும் இரண்டாம் வகையினரே என்பதைத் திருவிழா மருத்துவ முகாம்கள் மறத்தலாகாது.

வடநாட்டின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழையோடு உச்சமடையும் இன்ஃப்ளுயென்ஸா, சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மிகுகிறது என்பது ஆய்வுகளால் தெரிய வந்திருக்கிறது. முன்பு ஒரே வடஆற்காட்டு மாவட்டமாக வேலூரோடு இணைந்திருந்த திருவண்ணாமலையும் அதே மழையில் நனையும் பூமிதான். தீபத் திருவிழாவில் கொடியேற்றம் முதல் மகாதீபம் வரையிலான பத்து நாளும் அந்த மாதங்களிலேயே வருகின்றன. தடுப்பூசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரு வாரம் ஆகுமாதலின், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே, அதாவது புரட்டாசிக்குள், இவ்வூர் முதியோரும் அர்ச்சகர்களும் கடைக்காரர்களும் காவலர்களும் ஊசி போட்டுக்கொள்வது பொருத்தம். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளை அறிவிக்கிறது. சென்ற ஆண்டு போட்ட ஊசி இவ்வாண்டுக்குப் போதாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஹெர்பிஸ் குடும்பம். மனிதரைத் தாக்கும் இதன் எட்டு வகைகளுள் நம் ஜனங்கள் நன்கறிந்தது சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ். வாசலில் வேப்பிலை செருகி, நோயாளியைத் தனியறையில் வைத்து, அயலார் வரவைத் தடுக்கும் பழைய ஆசாரம் தொற்றைக் குறைக்கும் நல்ல வழக்கமே. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டபின் நோய் போய்விட்டதென்று நினைக்கிறோம். வைரஸோ முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. பல்லாண்டு கழித்து, முதுமையாலோ நீரிழிவாலோ உடல் தளரும்போது, ஒரு நரம்பின் வழியே இறங்கி, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டைபோலக் கொப்புளங்களை எழுப்புகிறது. அதுவே அக்கி.

அக்கி வந்தவரைக் குயவர் வீட்டுக்கு அழைத்துச் செல்வது தமிழகத்துக் கிராமங்களின் வழக்கம். செங்காவியை உரைத்து நீரில் குழைத்து, இறகால் தொட்டு, கொப்புளம் படர்ந்த இடத்தில் சிங்க உருவம் எழுதி, சில நாள் அடுத்தடுத்து வரச்சொல்வார் அவர். எரியும் தோலில் ஈரக் காவியின் குளிர்ச்சி இதமளிப்பது மெய்; இரண்டு முதல் நான்கு வாரங்களில் கொப்புளம் தானே காய்ந்துவிடுவதால் எழுத்தின்மேல் நம்பிக்கை வளர்ந்ததும் இயல்பே. ஆனால் அந்தச் சில நாளில்தான் மருந்தின் காலமும் கடந்துபோகிறது. உடைந்த புண்ணில் மண் பட்டுச் சீழ் பிடிக்கவும் கூடும். கொப்புளம் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீளும் நரம்பு வலியால் தூக்கமிழந்த முதியவரைக் கண்டோருக்கு இந்தத் தாமதத்தின் விலை தெரியும். எழுதுபவரே நோயாளியை அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கும் போகச் சொல்வாரானால் அது பேருபகாரமாகும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் கண்பார்வைக்கே ஆபத்து. ஒரு வேளையும் தாமதிக்கலாகாது.

இதற்குரிய மருந்து அசைக்ளோவிர். இது தன்னளவில் செயலற்ற பொருள். வைரஸ் தங்கிய அணுவில் மட்டும், வைரஸின் சொந்த நொதியே இதைத் தூண்டி விஷமாக்க, அவ்விஷம் வைரஸின் டி.என்.ஏ. சங்கிலியை மேலும் வளரவொட்டாமல் நிறுத்திவிடுகிறது. நல்ல அணுக்களுக்கு ஊறு மிகக் குறைவு. இந்த நுட்பம் துலங்கக் காரணமான ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய கெர்ட்ரூட் எலியன் அம்மையார், டாக்டர் பட்ட ஆராய்ச்சியை முடிக்காமலேயே சோதனைச்சாலைப் பணியில் உயர்ந்து, 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள், 800 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஐந்து வேளை, 7 நாள் கொடுப்பது முறை. மும்முறை மட்டும் உண்ணத்தக்க வலசைக்ளோவிரும் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார்.

சின்னம்மைக்குத் தடுப்பூசி கண்டவர் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி. 1974-இல் அவர் வெளியிட்ட ஓக்கா வகை உலகெங்கும் பயன்படுகிறது. அக்கிக்கென்றே அமைந்த ஷிங்ரிக்ஸ், வைரஸின் ஒரே ஒரு புரதத்தைக் கொண்டது; 50 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இருமுறை போடப்படுவது. 2023-இல் இந்தியாவுக்கு வந்த அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. இவ்விரு ஊசிகளும் அரசின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இன்னும் இடம்பெறவில்லை. முதியோரும் நீரிழிவாளரும் பெருகிவரும் தமிழகத்தில் இக்குறை முதலில் நீக்கப்பட வேண்டியது. உதட்டில் அடிக்கடி எழும் சுரக்கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்குப் பல்லாண்டு முயற்சிக்குப் பின்னும் தடுப்பூசி அமையவில்லை. அசைக்ளோவிர் அதை அடக்கும், வேரோடு அகற்றாது.