எண் ஒவ்வாத துப்பாக்கி: முத்திரைகளை வாசிப்பது குறித்து



நினைவுச் சொற்பொழிவில் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒடுக்கப்பட்ட மக்களின் ராணுவ வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். பழைய பதக்கம், பழைய படம், பழைய ஆயுதம் எதைக் கண்டாலும் நம் பெருமைக்குச் சான்றாக அதைத் தூக்கிப் பிடிக்கிறோம். அந்தச் சான்றை எப்படி வாசிப்பது என்பதே இன்றைய என் பேச்சு.

உங்களில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் திரீ நாட் திரீயைத் தோளில் சுமந்திருப்பீர்கள். நானும் சுமந்தேன். கல்லூரியில் 'கோத்' என்று சொல்லப்படும் ஆயுத அறையிலிருந்து எனக்குக் கொடுக்கப்பட்ட துப்பாக்கியில் டி.பி. என்ற இரண்டு எழுத்துகள் குத்தப்பட்டிருந்தன. பயிற்சி அணிவகுப்புக்கு மட்டும், சுடுவதற்கு அல்ல என்று பொருள். குழலில் துளையும் போட்டிருந்தார்கள். ஓய்வு நேரங்களில் அதிலிருந்த மற்ற எழுத்துகளையும் எண்களையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பின்கட்டை வந்து சேரும் இரும்புப் பகுதியின் வலப்புறம் ஒரு கிரீடம், ஜி.ஆர். என்ற மன்னரின் எழுத்துகள், என்ஃபீல்டு, 1916 என்று இருந்தது. அதாவது உடற்பகுதி இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலையில், முதல் உலகப்போரின் நடுவில் பிறந்தது. குழலிலோ 1942 என்ற தேதி. போல்ட்டின் கைப்பிடியில் பழைய எண் ஒன்றை அடித்துவிட்டு, உடற்பகுதியின் எண்ணைப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். குழலின் முனையைத் தாங்கும் மூக்குத் தொப்பியில் மூன்றாவதாக வேறோர் எண். முன்கட்டையைக் குறுக்காகத் துளைத்து ஒரு திருகாணி. மரம் பிளக்காமல் இருக்க வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கி ஆலை கையாண்ட வழி அது. எல்லாவற்றுக்கும் மேலே அகன்ற அம்புக்குறியும் 'ஐ' என்ற எழுத்தும். அம்புக்குறி அரசுடைமை, 'ஐ' என்றால் இந்திய அரசு.

ஆக, இந்தத் துப்பாக்கியின் வயது என்ன? 1916 என்பவரும் 1942 என்பவரும் ஒரே அளவுக்குத் தவறு செய்கிறார்கள். ஒரு முத்திரை, தான் குத்தப்பட்ட பாகத்துக்கு மட்டுமே சாட்சி. பக்கத்துப் பாகத்துக்காக அது பேசாது. முழுத் துப்பாக்கிக்கென்று ஒரு தேதி கிடையாது. பாகங்களின் தேதிகள்தான் உண்டு. அவற்றில் கடைசியானது எதுவோ, அதற்கு முன்னால் இந்தத் துப்பாக்கி இந்த வடிவத்தில் இருந்திருக்க முடியாது. உறுதியாகச் சொல்ல முடிவது அவ்வளவே.

பழைய ஆயுதம் சேகரிக்கும் சீமான்கள் எல்லா எண்ணும் ஒத்துப்போகும் துப்பாக்கிக்கு அதிக விலை தருவார்கள். கலந்த பாகம் கொண்டதைக் கலப்படம் என்று ஒதுக்குவார்கள். ஆனால் அந்த எண்களைக் குத்தியவனுக்குத் தூய்மையைப் பற்றிக் கவலையில்லை. போல்ட் உடற்பகுதியோடு சரியாகப் பொருந்தாவிட்டால் தோட்டாவின் கூடு வெடித்துச் சுடுபவனைக் காயப்படுத்தும். எனவே அளந்து பொருத்தியபின், இது இதற்கு உரியது என்று எண் போட்டார்கள். போல்ட் கெட்டுப்போனால் வேறொன்றைப் பொருத்தி, மறுபடி அளந்து, பழைய எண்ணை அடித்துப் புதிய எண் குத்தினார்கள். அடிக்கப்பட்ட எண் என்பது ஒரு தொழிலாளி வேலை செய்ததற்கான ரசீது. பொருத்தத்துக்காகப் போட்ட எண்ணைப் பிறப்புச் சான்றாக மாற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள். இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

முத்திரை சொல்லும் செய்திக்கு இணையாக, துப்பாக்கியின் அமைப்பும் ஒரு செய்தி சொல்கிறது. 1857 எழுச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்க்கென்று தனியாக ஒரு மாதிரி செய்தார்கள். வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டு ரைஃபிளைப் போலவே இருக்கும். ஆனால் குழலின் உள்ளே சுழல்புரி கிடையாது. புரி இல்லாத குழலிலிருந்து போகும் குண்டு தொலைவில் குறிதவறும். வெள்ளைச் சிப்பாயின் கையில் புரியுள்ள துப்பாக்கி, இந்தியச் சிப்பாயின் கையில் அதன் வெற்றுச் சாயல். பீரங்கிகளையும், மலைப் பீரங்கிப் படைகள் போன்ற சில விலக்குகள் தவிர, இந்தியர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பின்னர் வெள்ளையர் படைக்கு மார்ட்டினி வந்தபோது இந்தியருக்கு ஸ்னைடர். வெள்ளையருக்கு மேகசின் ரைஃபிள் வந்தபோது இந்தியருக்கு மார்ட்டினி. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால்.

அதற்கும் கீழே ஒரு படி இருந்தது. போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் இஷாப்பூரில் திரீ நாட் திரீயை மாற்றியமைத்தார்கள். புரியைக் கடைந்து எடுத்து, குழலை .410 அளவுக்கு அகலமாக்கி, மேகசின் இருக்கும் இடத்தை மரக்கட்டையால் அடைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாவாகப் போட்டுத்தான் சுட முடியும். இதுதான் நம் ஊர்ப்பக்கம் போலீஸ் மஸ்கட் என்று சொல்லப்பட்டது. அதற்கும் கீழே, 1878 ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாத குடிமக்கள். வெள்ளைச் சிப்பாய், இந்தியச் சிப்பாய், போலீஸ்காரர், குடிமகன். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை இரும்பிலும் மரத்திலும் செய்துவைத்தது போல இருக்கிறது. ஒவ்வொருவரின் கையிலும் கீழே இருப்பவனை மிரட்டப் போதுமானது இருக்கும். மேலே இருப்பவனை எதிர்க்கப் போதுமானது இருக்காது.

இந்த ஏணியில் நம்மவர்கள் எங்கே நின்றார்கள்? பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். 1818 சனவரி 1 கோரேகாவ் போரில் இறந்தவர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் உள்ளன. 'நாக்' என்று முடியும் பெயர்களைக் கொண்டு அவர்களில் 22 பேர் மகர்கள் என்று கண்டறிந்தார்கள். அதுவும் முத்திரை வாசிப்புதான். ஆனால் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்ற கோட்பாடு வேரூன்றியபின், 1892இல் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். சென்னைப் படையின் காலாட்படைப் பிரிவுகளும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. துப்பாக்கியும் மண்வெட்டியும் சேர்த்துச் சுமந்த மதராஸ் பயனியர்கள் 1933இல் கலைக்கப்பட்டார்கள். படையிலிருந்து விற்கப்படும் துப்பாக்கிக்குக்கூட இரண்டு அம்புகளை முனையோடு முனை சேர்த்து ஒரு முத்திரை குத்தி, இது முறையாக வெளியேறியது என்று பதிவு செய்தார்கள். மகர்களோ தங்கள் சேவையை நினைவூட்டி அரசுக்கு மனு மேல் மனு எழுத வேண்டியிருந்தது. அப்படி எழுதியவர்களில் முன்னோடியான கோபால் பாபா வலங்கர் தாமே படையிலிருந்து ஓய்வுபெற்றவர். மகர் ரெஜிமெண்ட் அமைய 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி முக்கியமான ஒன்று. ஒரு துப்பாக்கியில் அரசனின் எழுத்து உண்டு, ஆலையின் பெயர் உண்டு, சோதித்தவனின் குறி உண்டு. சுமந்தவனின் பெயர் கிடையாது. எனவே ஏதோ ஒரு துப்பாக்கியைக் காட்டி, இது நம் மூதாதை ஏந்தியது என்று எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைப் பொய்யென்று காட்டிவிட்டு, உண்மையான நூறு வரிகளையும் தள்ளிவிட ஆள் இருக்கிறது.

பெயர் வேறோரிடத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பர் தன் பூட்டனாரின் முதல் உலகப்போர்ப் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அவர் போர்வீரர் என்றுதான் குடும்பத்தில் சொல்லிவந்தார்கள். பதக்கம் வெண்கலம். படைவீரர்களுக்கு அந்தப் பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள். தொழிலாளர் படைகளில் போனவர்களுக்கு வெண்கலம். பதக்கத்திலும் படிநிலை! நண்பரின் முகம் வாடிவிட்டது. பதக்கத்தைத் திருப்பி அதன் விளிம்பைக் காட்டினேன். எண், பெயர், பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருந்தன. நான் சுமந்த அந்தத் துப்பாக்கியில் எங்கும் இல்லாத ஒன்று அதில் இருந்தது: ஓர் உழைப்பாளியின் பெயர். துப்பாக்கி பிடிக்காமல் சாலை போட்டவரும் மூட்டை சுமந்தவரும் அந்தப் போரில் இருந்தவர்கள்தானே? அவரை வீரராக உயர்த்திச் சொல்லும்போது, துப்பாக்கிதான் உயர்ந்தது, மண்வெட்டி தாழ்ந்தது என்ற அவர்களுடைய கணக்கையே நாமும் ஒப்புக்கொள்கிறோம். நண்பர் இப்போது அந்தப் பதக்கத்தை அது சொல்லும் உண்மையோடு தன் வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறார்.

மாணவத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீடுகளில், சேரிகளில் இருக்கும் பதக்கம், ஓய்வூதியப் புத்தகம், படம் எதுவானாலும் பாகம் பாகமாக வாசியுங்கள். ஒவ்வொரு குறியும் எதற்குச் சாட்சி என்று கேளுங்கள். ஒத்துப்போகாத எண் கிடைத்தால் மறைக்காதீர்கள். வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.