ஆடிட்டர் வரைந்த ஆண்கள்

பூபேன் கக்கரை ஓவிய உலகம் சொந்தம் கொண்டாடுகிறது. எங்கள் ஆடிட்டர் கூட்டத்துக்கும் அவரிடம் ஒரு பங்கு உண்டு. அவரும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்தான். 1934-இல் பம்பாயில் பிறந்தவர், 1962-இல் பரோடாவுக்குப் போய்க் கலை விமர்சனம் படித்தார். படம் சோறு போடாது என்று தெரிந்த மனிதர். ஒரு தொழிற்சாலையில் பகுதிநேரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டே வரைந்தார்.

1970-களில் அவர் உருவப்படங்களில் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? முடிதிருத்துபவர், வாட்ச் ரிப்பேர்காரர், கையில் பிளாஸ்டிக் பூங்கொத்தோடு ஒரு நடுத்தர வர்க்கத்து ஆண். என் ஆபீஸுக்கு ரசீதுக் கட்டோடு வரும் முகங்கள். இவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கக்கரின் தன்பால் ஈர்ப்புப் படங்களை மட்டும் தனியே பிரித்துப் பேசினால் பாதிதான் புரியும்.

1979-இல் இங்கிலாந்தில் தங்கியபோது, ஆணும் ஆணும் ஒளிவுமறைவின்றிச் சேர்ந்து வாழ்வதைப் பார்த்தார். 1980-இல் அம்மா இறந்தார். மறு வருஷம், 47 வயதில், ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்ற படத்தை வரைந்தார். மாடி பால்கனியில் ஒரு ஆண், உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், தெருவைப் பார்த்து நிற்கிறார். கீழே, ஊர் வாய்க்குப் பயந்து கழுதையோடு அல்லாடும் பழங்கதையின் அப்பனும் மகனும். பால்கனியில் நிற்பவர் தாமே என்பதைக் கக்கர் மறைக்கவில்லை.

அடுத்தது 1982-இல் ‘காசியில் இரு ஆண்கள்’. அம்மணமாகத் தழுவி நிற்கும் இருவரில் ஒருவருக்குத் தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் சின்னச் சின்னதாகக் கோயிலும் பக்தர்களும், வழக்கமான காசி. கிரேக்கச் சிலை போன்ற கட்டுடல் யாருக்கும் இல்லை. அந்த வாட்ச் ரிப்பேர்காரர் கடையை மூடிவிட்டு வந்தால் இப்படித்தான் இருப்பார். கணக்கில் வராமல் கிடந்த உறவைப் பேரேட்டில் ஏற்றியதுபோல, தெரிந்த மனிதர்களின் தெரியாத பாதியைக் கக்கர் வரைந்து முடித்தார். அப்போது தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவு முழு உயிரோடு இருந்தது. உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது 2018-இல். கக்கர் 2003-லேயே போய்விட்டார்.

2016-இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடம் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. ஆங்கில விமர்சகர் ஒருவர் படங்களைக் கிழிகிழியென்று கிழித்தார். பதில் சொல்லக் கக்கர் இல்லை, தேவையும் இல்லை. கண்காட்சிக்கு வைத்திருந்த பெயரே, ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’.