பிட்டரின் கசப்பு

இங்கிலாந்தின் மதுக்கடைகளில் 'பிட்டர்' என்று கேட்டால் செம்பு நிறத்தில், அதிகம் நுரைக்காத ஒரு பீர் வரும். அந்தச் சொல்லுக்குப் பொருளே கசப்பு என்பதுதான். முளைகட்டி உலர்த்திய பார்லியின் பிஸ்கட் மணத்துக்குப் பின்னால் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கில் தங்கும். ஆல்கஹால் பெரும்பாலும் 3.5 முதல் 5 சதவீதம்தான். நிலவறைப் பீப்பாயில் நொதித்துக்கொண்டிருப்பதைக் கைப்பம்பால் மேலே இழுத்து, மிதமான குளிர்ச்சியில் ஊற்றித் தருவார்கள். நெடுங்காலம் இது ஆண்களின் பானமாகவே பார்க்கப்பட்டது.

ஆனால் இந்தக் கசப்பு வருவதற்கு முன்னால் அங்கே மது காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் காய்ச்சிய 'ஏல்' என்ற பானத்தில் ஹாப்ஸ் கிடையாது. சில நாட்களில் புளித்துவிடும் என்பதால் தூரத்துக்கு அனுப்ப முடியாது. வீட்டுத் தேவைக்குக் காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். காய்ச்சுபவளுக்கு 'ப்ரூஸ்டர்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' பெண்பால் விகுதி. நூல் நூற்றவளைக் குறித்த 'ஸ்பின்ஸ்டர்' பின்னாளில் மணமாகாதவளைக் குறிக்கும் சொல்லாகிப்போனது.

1400ஐ ஒட்டிய காலத்தில் கடல்கடந்து, இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதியிலிருந்து ஹாப்ஸ் கலந்த பீர் வந்தது. ஹாப்ஸ் கசப்பைத் தந்ததோடு பானத்தைக் கெடாமலும் காத்தது. கெடாத சரக்கை மொத்தமாகக் காய்ச்சலாம். வெளியூருக்கும் படைகளுக்கும் விற்கலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், முதல் வேண்டும், கடன் தர ஆள் வேண்டும். மணமான பெண்ணோ பொதுவாகத் தன் பெயரில் ஒப்பந்தம்கூடச் செய்ய முடியாதவள். 1600 வாக்கில் பல ஊர்களில் தொழில் ஆண்களிடம் போய்விட்டது.

இதை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட், 1996இல் வெளியான தன் நூலில் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கிறார். முன்பும் பெண்கள் பொற்காலத்தில் வாழவில்லை. வருமானமும் மதிப்பும் குறைந்த வேலையாக இருந்தவரை அது அவர்களிடம் இருந்தது. லாபம் பெருகியபோது கைமாறியது. ஆகவே பழியை ஹாப்ஸ் மேல் போட முடியாது. புதிய நுட்பம் யாருக்குப் பயன்படும் என்பதைச் சொத்தும் சட்டமும் தீர்மானித்தன.

தொழில் போன பிறகும் பெண்களின் உழைப்பு தொடர்ந்தது. பிட்டருக்குச் சேரும் ஹாப்ஸ், பெண் கொடியில் மட்டும் பூக்கும் பூ. கென்ட் மாவட்டத் தோட்டங்களில் அதைப் பறிக்க, லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைப் பெண்கள் ஆண்டுதோறும் கோடை முடிவில் பிள்ளைகளோடு போனார்கள். பறித்ததை அளந்து கூலி கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரம் வரும்வரை இது நடந்தது.

குடிக்கும் இடத்திலும் தடை இருந்தது. லண்டன் ஃப்ளீட் தெருவின் 'எல் வினோ' மதுக்கடையில் ஆண்களைப்போல மேடையருகே நின்று மது வாங்கப் பெண்களுக்கு அனுமதியில்லை. இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். அது பாகுபாடுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது.

ஒரு தொழில் வளர்ந்தது என்று படிக்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: வளர்வதற்கு முன்னால் அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் அதன் பிறகு எங்கே போனார்கள்?